கம்பைலர் எக்ஸ்ப்ளோரர்: ஒரு சரத்தின் விலையைக் கண்ணால் பார்க்க உதவும் தளம்

சி++ என்ற நிரல்மொழியில் எழுதுகிற இருவர் வேகத்தைப் பற்றி வாதிடத் தொடங்கினால், சிறிது நேரத்தில் ஒருவர் "காட்போல்ட்டில் போட்டுப் பார்த்துவிடுவோம்" என்று சொல்லிவிடுவார். மாட் காட்போல்ட் 2012-இல் தொடங்கிய கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் என்ற இணையதளத்தைத்தான் அவர் பெயராலேயே எல்லோரும் அழைக்கிறார்கள். சி++11-இல் வந்த புதுவகை ஃபார் வளையம் பழைய வளையத்தைப் போலவே திறமையாக ஓடுமா என்று உடன் வேலை செய்தவருடன் எழுந்த ஐயத்தைத் தீர்க்க, முனையத்தின் ஒரு பாதியில் நிரலையும் மறுபாதியில் அதிலிருந்து பிறக்கும் அசெம்பிளியையும், அதாவது இயந்திரக் கட்டளைகளின் எழுத்து வடிவத்தையும், வைத்துப் பார்த்ததே அதன் தொடக்கம். இன்றும் அடிப்படை மாறவில்லை. இடப்பக்கம் நாம் எழுதுகிறோம். வலப்பக்கம், நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் உண்மையில் என்ன செய்தது என்பது உடனுக்குடன் தெரிகிறது. எந்த வரியிலிருந்து எந்தக் கட்டளைகள் பிறந்தன என்பதை ஒரே வண்ணம் இணைத்துக் காட்டுகிறது.

இந்தத் தளத்தைப் பல வேலைகளுக்குப் பயன்படுத்தலாம் என்றாலும், நான் இங்கே ஒன்றை மட்டும் வைத்து மதிப்பிடுகிறேன். நிரலில் மேற்கோள் குறிக்குள் நாம் எழுதும் மாறாத சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களை, நிரலை வேகமாக்கும் கம்பைலர் பகுதியான ஆப்டிமைசர் எப்படிக் கையாளுகிறது, அவற்றுக்காக நினைவகம் ஒதுக்கும் செலவு எப்போது விழுகிறது, எப்போது விழாமல் போகிறது என்பதுதான் அது. தமிழ்ச் சரங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இது மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படும் அறிவு என்பதை எனக்குப் புரியவைத்தது இந்தத் தளம்தான்.

முதலில் ஓர் எச்சரிக்கை. தளத்தைத் திறந்தவுடன் வரும் கம்பைலர் எந்த ஆப்டிமைசேஷனும் இல்லாமலேயே இயங்குகிறது. அதற்கான சிறிய பெட்டியில் ஓ2 (-O2) என்ற தேர்வை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் அசெம்பிளியைப் பார்த்துவிட்டு, கம்பைலர் இவ்வளவு வீண் வேலை செய்கிறதே என்று மலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். புதிதாக வருகிறவரின் கண்ணில் படும்படி ஒரு குறிப்பு அங்கே இருந்திருக்கலாம்.

ஓ2 போட்டபின் சிறியதொரு சோதனையிலிருந்து தொடங்குவோம். "தமிழ்" என்ற சரத்தின் நீளத்தை எஸ்டிஆர்லென் (strlen) என்ற நூலக ஃபங்ஷனைக் கொண்டு கணக்கிட்டுத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷனை எழுதினால், வலப்பக்கத்தில் நீளத்தை எண்ணும் வளையமோ நூலக அழைப்போ இருக்காது. செயலிக்குள் இருக்கும் ரிஜிஸ்டர் ஒன்றில் 15 என்ற எண்ணை வைத்துவிட்டுத் திரும்பும் இரண்டே கட்டளைகள்தான் இருக்கும். நிரல் ஓடுவதற்கு முன்பே, கம்பைல் ஆகும்போதே கணக்கு முடிந்துவிட்டது. கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் சொல் பதினைந்து பைட் ஆவதற்குக் காரணம் உண்டு. யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. இந்தப் பதினைந்து என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குத் திரும்ப வருவோம்.

சரத்தைப் படிக்க மட்டும் செய்யும்போது கம்பைலர் அதைப் படிக்க மட்டுமே அனுமதியுள்ள ஒரு பகுதியில் வைத்து, அதன் முகவரியை மட்டும் தருகிறது. ஒரே கோப்பில் இரண்டு ஃபங்ஷன்கள் "வணக்கம்" என்ற சரத்தைத் திருப்பித் தந்தால், இரண்டும் ஒரே லேபிளையே சுட்டுவதை வலப்பக்கத்தில் பார்க்கலாம். எழுதியது இரண்டு முறை, இருப்பது ஒன்று. மாறாக, அந்தச் சரத்தைக் கொண்டு மாற்றக்கூடிய ஒரு எழுத்து வரிசையை ஃபங்ஷனுக்குள் நிரப்பச் சொன்னால் வேறொன்று நடக்கிறது. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லான ஹலோவை அப்படி நிரப்பும்போது ஜிசிசி (GCC) என்ற கம்பைலர் அந்தச் சரத்தை எங்கும் சேமிப்பதே இல்லை. 1819043176 என்ற எண்ணை நான்கு பைட்டாகவும், 111 என்ற எண்ணை இரண்டு பைட்டாகவும் ஸ்டேக்கில், அதாவது ஃபங்ஷன் ஓடும்வரை மட்டும் இருக்கும் நினைவகத்தில், எழுதிவிடுகிறது. முதல் எண்ணின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் அதன் பதினாறடிமான வடிவம் தெரியும். அதைப் பின்னிருந்து முன்னாகப் படித்தால் சொல்லின் முதல் நான்கு எழுத்துகள் கிடைக்கும். 111 என்பது கடைசி எழுத்தும், சரத்தை முடிக்கும் சுழியமும் சேர்ந்தது. சரம் தரவாக இருந்த நிலை போய்க் கட்டளைக்குள்ளேயே கரைந்துவிட்டது. இதை முதல்முறை பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

திரையில் அச்சிடும் பிரிண்ட்எஃப் (printf) அழைப்புகளிலும் இதே அக்கறை தெரிகிறது. வடிவக் குறிகள் எதுவும் இல்லாமல், புதுவரிக் குறியோடு முடியும் ஒரு சரத்தை அச்சிடச் சொன்னால், கம்பைலர் அந்தப் புதுவரிக் குறியை வெட்டிவிட்டு, எளிய புட்ஸ் ஃபங்ஷனை அழைக்கிறது. அதாவது சேமிக்கப்படும் சரமே நாம் எழுதியதிலிருந்து வேறானது.

இவ்வளவும் விலையில்லாமல் கிடைப்பவை. விலை தொடங்கும் இடம் எஸ்டிடி ஸ்ட்ரிங் (std::string).

எஸ்டிடி ஸ்ட்ரிங் தன் எழுத்துகளைத் தானே வைத்துக்கொள்ளும் வகை. ஆகவே மாறாச் சரம் ஒன்றை அதற்குக் கொடுத்தால் எழுத்துகளை நகலெடுத்தாக வேண்டும். நகலுக்கு இடம் வேண்டும். சரம் சிறியதாக இருந்தால் அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கும் சிறிய இடத்தில் வைத்துக்கொள்ளும். பெரியதாக இருந்தால், நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகமான ஹீப்பில் இடம் கேட்கும். எது சிறியது என்பதை நூலகமே முடிவு செய்கிறது. 64 பிட் கணினியில், ஜிசிசியோடு வரும் நூலகத்தில் எஸ்டிடி ஸ்ட்ரிங்கின் அளவு 32 பைட், உள்ளே வைக்கக்கூடியது 15 பைட். மைக்ரோசாஃப்ட் நூலகத்திலும் அதே 15தான். எல்எல்விஎம் குழுவின் லிப்சி++ நூலகத்திலோ பொருளின் அளவு 24 பைட்தான். ஆனால் உள்ளே 22 பைட் வைக்கலாம்.

ஆங்கிலம் எழுதுகிறவருக்குப் பதினைந்து என்பது பதினைந்து எழுத்து. பெரும்பாலான சொற்கள் அதற்குள் அடங்கிவிடும். நமக்கு அது ஐந்து குறியீடுதான். "தமிழ்" சரியாகப் பதினைந்து பைட். விளிம்பில் நின்று உள்ளே அடங்குகிறது. "அம்மா"வும் "நன்றி"யும் அப்படியே. "தமிழர்" என்று ஒரு குறியீட்டைக் கூட்டினால் பதினெட்டு பைட். ஹீப்பைத் தேட வேண்டியதுதான். இதைக் கம்பைலர் எக்ஸ்ப்ளோரரில் பார்ப்பது போல வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது. எஸ்டிடி ஸ்ட்ரிங் ஒன்றை உருவாக்கி, அதை வேறு கோப்பிலுள்ள ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் நான்கு வரி நிரலை எழுதி, சரத்தில் "தமிழ்" என்று வைத்தால், எழுத்துகளை ஸ்டேக்கில் எழுதும் சில கட்டளைகளைத் தொடர்ந்து நேராக அழைப்பு நடக்கிறது. கடைசிப் புள்ளியை அழித்து "ர்" சேர்த்த மறுகணம் வலப்பக்கம் நீள்கிறது. இடம் கேட்கும் அழைப்பு ஒன்று முளைக்கிறது. கம்பைலரின் பதிப்பையும் நாம் தேர்ந்த சி++ தரத்தையும் பொறுத்து அது நேரடியாக ஆபரேட்டர் நியூ என்றோ, நூலகத்தின் உள்ஃபங்ஷனான எம்-கிரியேட் என்றோ தெரியும். தட்டச்சு செய்த ஓரெழுத்துக்கு இவ்வளவு விளைவு என்பதை அளவீட்டுக் கருவி எதுவும் இப்படிக் கண்ணெதிரே காட்டியதில்லை.

அடுத்து, "வணக்கம்" என்று மாற்றுங்கள். ஏழு குறியீடு, 21 பைட். ஜிசிசியின் நூலகத்தில் ஹீப் அழைப்பு உண்டு. இப்போது பக்கத்தில் இன்னொரு பலகத்தைத் திறந்து, கிளாங் என்ற மற்றொரு கம்பைலரைத் தேர்ந்து, லிப்சி++ நூலகத்தைப் பயன்படுத்தச் சொல்லும் தேர்வைக் கொடுத்தால், அங்கே அந்த அழைப்பு இல்லை, ஏனென்றால் 22-க்குள் 21 அடங்குகிறது. ஒரே நிரலை இரண்டு, மூன்று கம்பைலர்களில் ஒருசேர வைத்துப் பார்க்கும் இந்த வசதியே தளத்தின் மிகப் பெரிய பலம் என்று நினைக்கிறேன். நம் கணினியில் இத்தனை பதிப்புகளையும் நிறுவிப் பார்க்கிற பொறுமை யாருக்கும் இருக்காது.

இடம் கேட்பதன் உண்மையான விலையையும் சொல்லிவிட வேண்டும். 21 பைட் சரத்துக்கு முடிவுச் சுழியத்தோடு 22 பைட் கேட்கப்படுகிறது. லினக்ஸில் பரவலாக உள்ள ஜிலிப்சி நூலகத்தில் நினைவகம் ஒதுக்கித் தரும் மாலாக் ஒவ்வொரு துண்டுக்கும் தன் கணக்குக்காக 8 பைட் சேர்த்து, மொத்தத்தைப் பதினாறின் மடங்காக்கிக் கொடுக்கிறது. ஆகவே 32 பைட். எஸ்டிடி ஸ்ட்ரிங் பொருளின் 32 பைட்டையும் கூட்டினால், ஒரு "வணக்கம்" 64 பைட் நினைவகத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதே சொல் நிரலின் மாறாப் பகுதியில் 22 பைட்டாக ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

நான் இந்தத் தளத்தை நாடிப் போனதே இப்படியொரு சிக்கலால்தான். தமிழ்ச் சொற்களைச் சாவியாகக் கொண்ட எஸ்டிடி மேப் (அகராதி போன்ற அமைப்பு) ஒன்றில், வெறும் எழுத்துச் சுட்டியைக் கொடுத்துத் தேடும் நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். தேடுவது மட்டும்தானே, எதையும் சேர்க்கவில்லையே என்ற நினைப்பில், நினைவக ஒதுக்கீடு பற்றி யோசிக்கவே இல்லை. ஆனால் அந்த மேப்பின் சாவி எஸ்டிடி ஸ்ட்ரிங் என்பதால், ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு தற்காலிக ஸ்ட்ரிங் பிறந்து, ஹீப்பில் இடம் வாங்கி, ஒப்பிட்டு முடிந்தவுடன் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. மாதிரிச் சோதனைக்கு நான் பயன்படுத்தியவை ஆங்கிலச் சொற்கள். அவை பதினைந்துக்குள் அடங்கியதால் அங்கே எதுவும் தெரியவில்லை. தமிழ்த் தரவு வந்தபோது நிரல் மந்தமானது. பத்து வரிக்கு நிரலைச் சுருக்கித் தளத்தில் ஒட்டியபோது, தேடலுக்கு முன் ஓர் ஒதுக்கீட்டு அழைப்பும் பின் ஓர் ஆபரேட்டர் டெலீட் அழைப்பும் நின்றன. மேப்பின் ஒப்பீட்டு வகையாக, வகை குறிப்பிடாத எஸ்டிடி லெஸ் (std::less<>) என்பதைக் கொடுத்து, சாவியை, எழுத்துகளை நகலெடுக்காமல் சுட்ட மட்டும் செய்யும் எஸ்டிடி ஸ்ட்ரிங் வியூவாக அனுப்பியதும் அந்த இரண்டு அழைப்புகளும் மறைந்தன. சி++14-இல் இந்த ஒப்பீட்டு வசதியும், சி++17-இல் ஸ்ட்ரிங் வியூவும் வந்தன. வரிசைப்படுத்தாத மேப்பான அன்ஆர்டர்டு மேப்புக்கு இதே வசதி சி++20-இல்தான் கிடைத்தது; அதற்குத் தனியாக ஒரு ஹாஷ் வகையும் எழுதித் தர வேண்டும்.

ஸ்ட்ரிங் வியூவின் எளிமையும் அசெம்பிளியில் அழகாகத் தெரிகிறது. "தமிழ்" என்ற சரத்தை ஸ்ட்ரிங் வியூவாக வாங்கும் ஃபங்ஷன் ஒன்றை அழைத்தால், லினக்ஸில் ஜிசிசி ஒரு ரிஜிஸ்டரில் 15-ஐயும், அடுத்த ரிஜிஸ்டரில் சரத்தின் முகவரியையும் வைத்துவிட்டு நேராகத் தாவுகிறது. நகல் இல்லை, இடம் கேட்பது இல்லை, திருப்பித் தருவது இல்லை.

நினைவக ஒதுக்கீட்டையே ஆப்டிமைசர் நீக்கிவிடாதா என்று கேட்கலாம். நீக்கும், சில இடங்களில். நியூ கொண்டு ஓர் எண்ணுக்கு இடம் வாங்கி, 42 என்று எழுதி, படித்து, டெலீட் செய்து, அந்த எண்ணைத் திருப்பித் தரும் ஃபங்ஷனைக் கிளாங்கில் போட்டால், 42 என்று சொல்லிவிட்டுத் திரும்பும் இரண்டு கட்டளைகள்தான் மிஞ்சும். இப்படி நீக்க சி++14 தரம் வெளிப்படையாக அனுமதி கொடுத்தது. பயன்படாத நியூ, டெலீட் இணைகளை நீக்கும் திறன் ஜிசிசியில் 2020-இல் வந்த 10-ஆம் பதிப்பில் சேர்ந்தது. கிளாங் பலகத்தில் ஆப்டிமைசரின் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகத் திறந்து காட்டும் வசதி ஒன்று உண்டு. நியூ அழைப்பு எந்தக் கட்டத்தில் காணாமல் போனது என்பதை அதில் தேடிக் கண்டுபிடிக்கலாம். கட்டளைகளைச் சேர்த்துச் சுருக்கும் இன்ஸ்ட்கம்பைன் என்ற கட்டத்தில்தான் இது நடக்கிறது. அந்தப் பட்டியலில் மாற்றம் நிகழ்ந்த கட்டங்கள் மட்டும் வேறு வண்ணத்தில் நிற்பதால், நூற்றுக்கணக்கான படிகளுக்கு நடுவே தொலைந்துபோகாமல் வரலாம்.

ஆயினும், எஸ்டிடி ஸ்ட்ரிங்கின் ஒதுக்கீட்டையும் இப்படியே கம்பைலர் நீக்கிவிடும் என்று நம்பி நிரல் எழுதுவது தவறு என்றே சொல்வேன். நூலகத்தின் சில பகுதிகள் முன்பே கம்பைல் ஆகி நூலகக் கோப்புக்குள் இருப்பதால், ஆப்டிமைசருக்கு அவற்றின் உட்புறம் தெரியாமல் போகலாம். தெரியாததை அதனால் நீக்க முடியாது. ஸ்ட்ரிங் வேறொரு ஃபங்ஷனுக்கு ரெஃபரன்ஸாக (நகலின்றி, முகவரியாக) போய்விட்டாலோ, நீக்கும் பேச்சுக்கே இடமில்லை. சரத்தின் நீளத்தை ஒன்றிரண்டு எழுத்து மாற்றி, கம்பைலரின் பதிப்பை மாற்றி, ஒரே நிரலைப் பலமுறை போட்டுப் பார்த்ததில், ஓரிடத்தில் நீங்கிய அழைப்பு மற்றோரிடத்தில் நிற்பதைக் கண்டேன். நீங்க வேண்டும் என்றால் நாமே ஸ்ட்ரிங் வியூவோ, கம்பைல் நேரத்திலேயே முடியும் மாறிலியோ எழுதிவிடுவதுதான் நல்லது.

இனி இந்தத் தளத்தின் குறைகள். முதலாவதும் பெரியதுமானது, அது காட்டுவது கட்டளைகளை மட்டுமே, நேரத்தை அல்ல என்பது. ஆபரேட்டர் நியூ அழைப்பு வலப்பக்கத்தில் ஒரே வரி. அந்த ஒரு வரிக்குப் பின்னால் மாலாக்கின் நீண்ட பயணம் இருக்கிறது. சிறிய சரத்தை ஸ்டேக்கில் எழுதும் ஐந்தாறு கட்டளைகள் அதைவிட நீளமாகத் தெரிந்தாலும் விலை மிகக் குறைவு. வரிகளை எண்ணி முடிவெடுக்கிறவர் இங்கே நேர்மாறான முடிவுக்கு வந்துவிடுவார். எல்எல்விஎம்-எம்சிஏ என்ற கருவியை அதே பக்கத்தில் சேர்த்துக்கொண்டால் கட்டளைகளின் ஓட்டத்தை ஓரளவு மதிப்பிடலாம். ஆனால் அழைக்கப்படும் ஃபங்ஷனுக்குள் நடப்பது அதற்கும் தெரியாது. உண்மையான நேரத்தை உங்கள் கணினியில் அளந்துதான் ஆக வேண்டும். எஸ்டிடி ஸ்ட்ரிங் உள்ள நிரல்களில் விதிவிலக்கு (ஓட்டத்தின் நடுவே எழும் பிழை) நேர்ந்தால் சுத்தம் செய்வதற்கான பகுதி ஒன்றும் கீழே தொங்கும். வழக்கமான ஓட்டத்தில் அது இயங்குவதே இல்லை என்றாலும், நிரல் பருத்துவிட்டதான தோற்றத்தை அது தரும்.

இரண்டாவது, கம்பைல் ஆன கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் செய்யும் வேலை சாதாரணப் பார்வையில் தெரிவதில்லை. வெவ்வேறு கோப்புகளில் இருக்கும் ஒரே சரத்தை ஒன்றாக்குவது லிங்கரின் வேலை. அதற்காகவே கம்பைலர் அந்தச் சரங்களை, ஒன்றாக்கலாம் என்ற அடையாளத்தோடு தனிப் பகுதியில் வைக்கிறது. ஜிஎன்யூ லிங்கர் அதற்கும் ஒருபடி மேலே போய், ஒரு சரத்தின் வால் இன்னொரு சரமாக இருந்தால் அதையும் ஒன்றாக்கிவிடும். "செங்கடல்" என்ற சரம் 24 பைட். "கடல்" அதன் பன்னிரண்டாம் பைட்டுக்கு அடுத்துத் தொடங்கி, அதே சுழியத்தில் முடிகிறது. ஆகவே "கடல்" என்பதற்குத் தனி இடமே தேவையில்லை; செங்கடலின் நடுவே ஒரு முகவரி போதும். இந்த நேர்த்தியைத் தளத்தில் காண வேண்டும் என்றால் நிரலை முழுதாக இணைத்துக் காட்டும் தேர்வை நாமே இயக்கி, இணைத்த கோப்பின் உள்ளே இருப்பதைக் காட்டும் ரீட்எல்ஃப் கருவியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்தப் பகுதியில் சரம் வைக்கப்பட்டது என்று சொல்லும் வரிகளைக்கூடத் தளம் இயல்பாகவே மறைத்துவைக்கிறது. வடிகட்டிப் பட்டியலில் அதை நீக்கினால்தான் தெரியும். பொதுவாக அந்த வரிகள் இரைச்சல்தான் என்பதால் மறைத்தது சரியே, ஆனால் சரங்களைப் பற்றிப் படிக்க வருகிறவர் முதல் வேலையாக அந்த வடிகட்டியை அணைத்துவிட வேண்டும்.

ஒரே சரம் ஒன்றாக்கப்படுகிறது என்பதால் முகவரிகளை ஒப்பிட்டுச் சரங்கள் சமமா என்று பார்க்கலாம் என எண்ணிவிட வேண்டாம். ஒன்றாக்குவதும் தனித்தனியாக வைப்பதும் கம்பைலரின் விருப்பம் என்றுதான் சி, சி++ தரங்கள் இரண்டும் விட்டிருக்கின்றன. அப்படி ஒப்பிட்டால் கிளாங் எச்சரிக்கை தருவதையும் இதே தளத்தில் பார்க்கலாம்.

தமிழுக்கென்றே ஒரு சிரமமும் இருக்கிறது. ஜிசிசி வெளியிடும் அசெம்பிளியில் தமிழ் எழுத்துகள் தமிழாக வருவதில்லை. ஒவ்வொரு பைட்டும் எட்டடிமான எண்ணாக வருகிறது. "த" என்ற எழுத்து \340\256\244 என்று நிற்கும். இது கம்பைலரின் வழக்கமே தவிரத் தளத்தின் பிழை அல்ல. பழகிவிட்டால் \340 என்பதை எண்ணியே எத்தனை குறியீடு என்று சொல்லிவிடலாம். எழுதும் பலகத்திலோ, ஆங்கில எழுத்துகளுக்கென்று ஒரே அகலத்தில் அமைந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் வரிசை பிசகி நிற்கின்றன. கைப்பேசியிலும் தளம் திறக்கிறது. ஆனால் இரண்டு பலகங்களை அருகருகே வைத்துப் பார்ப்பதே இதன் உயிர் என்பதால், சிறிய திரையில் அந்தப் பயன் கிடைப்பதில்லை.

தளம் இலவசம். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. நிரலையும் தேர்வுகளையும் பலகங்களின் அமைப்பையும் ஒரு சிறிய இணைப்பாக மாற்றிப் பகிரலாம். எதிரில் இருப்பவர் அதைத் திறந்தால் நாம் பார்த்த அதே காட்சி அவருக்கும் கிடைக்கும். நிரலைப் பற்றிய வாதங்களுக்கு இதைவிட நேர்மையான ஆதாரம் வேறில்லை. ஆனால் நாம் தட்டச்சு செய்யும் நிரல் அவர்களுடைய சர்வருக்குப் போய்த்தான் கம்பைல் ஆகிறது என்பதையும், பகிரும் இணைப்பை உருவாக்கினால் அந்த நிரல் அங்கே சேமிக்கப்படுகிறது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். அலுவலகத்தின் நிரலை அப்படியே ஒட்டுவது முறையல்ல. சிக்கலுக்குக் காரணமான பத்து வரியை மட்டும் பிரித்தெடுத்து, பெயர்களை மாற்றி ஒட்டுங்கள். அதுவும் கூடாது என்கிற இடங்களில், தளத்தின் மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் கிடைப்பதால், உங்கள் கணினியிலேயே நிறுவி, உங்களிடம் இருக்கும் கம்பைலர்களோடு இயக்கலாம். நான் வீட்டுக் கணினியில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஜிசிசியும் லிப்சி++ நூலகத்தோடு கிளாங்கும் அருகருகே திறந்திருக்க, தமிழ்ச் சொல்லைத் தொடும் எந்த ஃபங்ஷனும் முதலில் அங்கே போய்வந்த பிறகுதான் நிரலுக்குள் சேர்கிறது.